புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் அடுத்தடுத்துச் சாகின்றன?

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்காகக் கொளத்தூரில் 2 அடி மீன் தொட்டி வாங்கினோம். அன்று மாலையே போர் தண்ணீர் நிரப்பி 6 கோல்டு ஃபிஷ், 2 ஏஞ்சல், 1 சக்கர் மீன் விட்டோம். 4ஆம் நாள் ஒரு கோல்டு ஃபிஷ் செத்தது, மறுநாள் இன்னும் இரண்டு. தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிட்டது. மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, இந்த முறை மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் ஊற்றினோம். விடிவதற்குள் ஏஞ்சல் இரண்டும் போய்விட்டன. கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்தார். கூடவே 4 புது கோல்டு ஃபிஷும் வாங்கி வந்தோம். தொட்டி வைத்து 3 வாரம் ஆகிறது. அதற்குள் ஒவ்வொன்றாக 5 கோல்டு ஃபிஷ் செத்து, இப்போது மிச்சம் 2 கோல்டு ஃபிஷும் சக்கரும்தான். கடைசியாகச் செத்ததன் செவுள் காபித்தூள் நிறத்தில் இருந்தது. மூன்று வேளையும் மகன்தான் தீனி போடுகிறான். தொட்டியோடு ஹீட்டரும் கொடுத்தார்கள், போட்டுத்தான் வைத்திருக்கிறோம். போர் தண்ணீரின் பி.ஹெச். 8.2, டிடிஎஸ் 900. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் சரியாகுமா? இந்த வீட்டுக்கு மீன் ராசியில்லை என்கிறார் மாமியார். தொட்டியையே எடுத்துவிடலாமா?

ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை.

பதில்:

தொட்டியை எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வரிதான்: 'மீன் சாகுது, என்ன மருந்து போடலாம்?' நீங்கள் எந்த நாளில் எது செத்தது, அதற்கு முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்பதை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். மீனின் உடம்பைப் பார்ப்பதைவிட இந்த நாள் கணக்கைப் பார்ப்பதுதான் எங்களுக்கு அதிகம் உதவும். உங்கள் வீட்டில் நடந்தது ஒரே நோய் அல்ல. மூன்று தவணையாகச் சாவு விழுந்திருக்கிறது, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி, பஞ்சு போன்ற பூஞ்சை, துடுப்பு அரிப்பு என்று எதையும் நீங்கள் சொல்லவில்லை. அதனால் தொற்று நோய் என்ற சந்தேகத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

முதலில் அந்த 4ஆம் நாள். மீன் தின்னும் தீனியில் கணிசமான பங்கு புரதம். அது செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனை மீன் அமோனியாவாக வெளியேற்றுகிறது. வெளியேற்றுவது பெரும்பாலும் செவுள் வழியாகத்தான், அதுவும் மூச்சு விடுவதுபோல ஓயாமல். மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 35 சதவீதப் புரதம் உள்ள தீனி 1 கிராம் போட்டால் ஏறக்குறைய 30 மில்லிகிராம் அமோனியா தண்ணீரில் சேரும். உங்கள் 2 அடி தொட்டி 1 அடி அகலம், 1 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், கல்லுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தது போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். மூன்று வேளையும் சேர்த்து 2 கிராம் தீனி விழுந்திருந்தால்கூட ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். அதை அகற்ற ஆளே இல்லாத புதுத் தொட்டியில் 4ஆம் நாள் அது 5ஐ நெருங்கியிருக்கும். சின்னப் பையன் கையில் தீனி டப்பா இருந்தால் 2 கிராமோடு நிற்காது என்பது தனிக்கதை.

அமோனியா இவ்வளவு இருந்தாலும் எல்லா ஊர்த் தண்ணீரிலும் மீன் இப்படிச் சாகாது. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது. அம்மோனியம் என்ற வடிவம் மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. வாயு வடிவிலான அமோனியா செவுளுக்குள் நேராகப் புகுந்து அதைப் புண்ணாக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.ஹெச். என்ற அமில-காரத் தன்மை அளவும் வெப்பமும். 30 டிகிரியில் பி.ஹெச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவத்தில் இருக்கும். அதே வெப்பத்தில் உங்கள் போர் தண்ணீரின் 8.2இல் அது 11 சதவீதம். ஆக 5 மில்லிகிராமில் அரை மில்லிகிராமுக்கு மேல் விஷம். செவுளைக் கெடுக்க 0.05 போதும். கொளத்தூரிலிருந்து மடிப்பாக்கம் வரை பாக்கெட்டில் குலுங்கி வந்து களைத்த சின்ன மீன்கள் 4 நாள் தாங்கியதே பெரிது.

அப்புறம் அந்த ஹீட்டர். இன்றே பிளக்கைப் பிடுங்குங்கள். சென்னை வெயிலில் வீட்டுக்குள் வைத்த தண்ணீரே 30, 32 டிகிரிக்குப் போகிறது. கோல்டு ஃபிஷ் கெண்டை இனம், 20 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் சுகமாக இருப்பது. அதற்கு ஹீட்டர் போட்டுக் கொடுப்பதை வியாபாரம் என்றுதான் சொல்ல வேண்டும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 32 டிகிரியில் 7.3தான். வெப்பம் ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும், தண்ணீரிலோ குறைந்துகொண்டே போகும், அமோனியாவின் விஷமும் கூடும். எல்லாம் ஒரே திசையில் தள்ளுகிறது.

தண்ணீர் வெளுத்தது அழுக்கால் அல்ல. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் கரைந்த தண்ணீரில் ஒரு வகை பாக்டீரியா லட்சக்கணக்கில் பெருகினால் அப்படிப் பால்போல் ஆகும். தீனியைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் சில நாளில் தானே தெளிந்துவிடும். ஆனால் அதைப் பார்த்துப் பேசாமல் இருக்க யாராலும் முடிவதில்லை. நீங்களும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தீர்கள்: மொத்தத் தண்ணீரையும் கொட்டினீர்கள், ஸ்பாஞ்சை வெயிலில் காயவைத்தீர்கள்.

இரண்டாம் தவணைச் சாவு அங்கிருந்து வந்தது. லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரப்படி வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நம்மை வயிற்றுப்போக்கிலிருந்து காப்பது அதுதான். ஆனால் மீனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஆபத்து. செவுளின் மெல்லிய தோலை அது நேரடியாகச் சுடும். தண்ணீர் மாற்றி ஓர் இரவுக்குள், முதல் நாள் வரை நன்றாக இருந்த மீன் மிதக்கிறது என்றால் முதல் சந்தேகம் குளோரின்மேல்தான் விழ வேண்டும். அதோடு 900 டிடிஎஸ் தண்ணீரில் பழகத் தொடங்கிய மீன் ஒரே நிமிடத்தில் வேறொரு தண்ணீருக்கு மாறியதும் சேர்ந்துகொண்டது. ஏஞ்சல் கோல்டு ஃபிஷைவிட நொய்ந்தது, அது முதலில் போனதில் வியப்பில்லை. சொல்லப்போனால் ஏஞ்சலையும் கோல்டு ஃபிஷையும் ஒரே தொட்டிக்கு விற்றிருக்கவே கூடாது. ஒன்று வெதுவெதுப்பான தண்ணீருக்கு, மற்றது குளிர்ந்த தண்ணீருக்கு.

மூன்றாம் தவணையை விளக்கும் முன் ஸ்பாஞ்ச் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் எழுதுவதில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இது மட்டும் நினைவிருந்தால் போதும்.

ஃபில்டர் என்பது தூசி பிடிக்கும் வடிகட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை அதுவல்ல. அந்த ஸ்பாஞ்சின் ஓட்டைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். கடையில் மீன் நன்றாக இருந்து வீட்டுக்கு வந்ததும் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கடைத் தொட்டியின் ஃபில்டரில் இந்தக் கூட்டம் மாதக்கணக்காகக் குடியிருக்கிறது. உங்கள் தொட்டியில் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. பால் நிறம் காட்டியவை அரை மணிக்கு ஒரு தரம் இரட்டிப்பாகுமென்றால், இவை இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதனால்தான் ஒரு தொட்டி பதத்துக்கு வர 3 முதல் 6 வாரம் பிடிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் கண்ணாடித் தொட்டியில் மீன், நத்தை, செடி மூன்றையும் சேர்த்து வைத்து, தண்ணீர் மாற்றாமலேயே அவை நெடுநாள் வாழ்வதைக் காட்டினார். வீட்டு மீன் தொட்டி என்ற பழக்கம் பரவ அது ஒரு காரணம். அப்பா பெயரையே கொண்ட அவர் மகன் பின்னாளில் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் மண்ணை ஆராய்ந்து, அமோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு படிகளில், இரண்டு வெவ்வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று கண்டுபிடித்தார். அவற்றைத் தனியே பிரித்து எடுத்தவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி, 1890இல். அப்பாவின் தொட்டிக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத்தான் மகன் வயல் மண்ணில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

சரி, உங்கள் ஸ்பாஞ்சுக்கு வருவோம். முதல் ஐந்தாறு நாளில் அதில் கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்ததும் குழாய்த் தண்ணீரிலும் வெயிலிலும் செத்தது. தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போனது. அதே வாரத்தில் 4 புது மீனும் நீல மருந்தும் சேர்ந்தன. அந்த மருந்து மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். கெட்ட மருந்தில்லை. தனி வாளியில் வைத்துப் பூஞ்சைக்குக் கொடுக்கலாம். மீனின் ரத்தம் பழுப்பேறும் கோளாறுக்கேகூட உதவும், மனிதர்களுக்கும் அதே வகைக் கோளாறில் ஊசியாக ஏற்றுகிறார்கள். ஆனால் ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துத் தாக்கும். இனி எந்த மருந்தானாலும் தனி வாளியில்தான், தொட்டியில் வேண்டாம்.

இப்போது அந்தக் காபித்தூள் நிறச் செவுள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் புகுந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஒரு வடிவத்துக்கு மாறிவிடும். ரத்தமும் செவுளும் சிவப்புப் போய்ப் பழுப்பாகும். ஏர் பம்ப் எவ்வளவு குமிழி விட்டாலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது, அதைத் தூக்கிச் செல்ல ரத்தத்தால்தான் முடியவில்லை. உங்கள் கடைசி மீன் அப்படித்தான் செத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நைட்ரைட் வந்திருக்கிறது என்றால் அமோனியாவைத் தின்னும் முதல் கூட்டம் தலையெடுத்துவிட்டது. இரண்டாம் கூட்டம்தான் பாக்கி. பாதிக் கிணறு என்று மேலே சொன்னது இதைத்தான். இந்த நேரத்தில் மறுபடியும் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

சக்கர் மீன் எப்படித் தப்பியது என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அது மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றுச் சுவர் வழியாகவே ஆக்சிஜன் எடுக்கக்கூடியது. அது உயிரோடிருப்பதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்று என்ன செய்ய வேண்டும்? முதல் வேலை தீனியை நிறுத்துவது. இரண்டு நாள் ஒன்றும் போட வேண்டாம். கோல்டு ஃபிஷ் கண்ணாடியருகே வந்து கெஞ்சும், அதன் சுபாவம் அது, வயிறு நிறைந்திருந்தாலும் கெஞ்சும். ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஆரோக்கியமான கோல்டு ஃபிஷ் சாகாது. மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு ஒரு வேளை, ஒரு மீனுக்கு மூன்று நான்கு சின்ன உருண்டை. ஒரு நிமிடத்தில் தின்று தீராதது அதிகம். தீனி டப்பாவை உயரமான அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு நாளைய அளவை மட்டும் சின்ன மூடியில் எடுத்து மகனிடம் கொடுங்கள். அவன் வேலை அவனுக்கே இருக்கட்டும்.

இரண்டாவது, கல் உப்பு. லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 45 கிராம். பாதியை இன்று ஒரு சொம்புத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள், மீதியை நாளை. மீனின் மேல் நேராகக் கொட்டக் கூடாது. உப்பில் உள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. நைட்ரைட் நச்சுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. ஆனால் அமோனியாவுக்கு உப்பு மருந்தாகாது. உப்பு தானாக ஆவியாகவும் ஆகாது. அதனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும், புதிதாக ஊற்றும் தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பு சேர்த்தால் போதும். தொட்டியில் உயிருள்ள செடி வைத்திருந்தால் அது வாடலாம், மீனைப் பார்ப்பதா செடியைப் பார்ப்பதா என்றால் இப்போதைக்கு மீன்.

மூன்றாவது, தண்ணீர் மாற்றம். தினமும் 12 லிட்டர், அதாவது கால் பங்கு மட்டும். அடியில் படிந்த கழிவோடு ஒரு குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். புதிதாக ஊற்றுவது போர் தண்ணீராகவே இருக்கட்டும். அதில் குளோரின் இல்லை, உங்கள் மீன்களும் இனி ஒரே தண்ணீரில் பழகட்டும். ஆனால் மோட்டார் போட்டவுடன் வரும் போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். முந்தின நாளே வாளியில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். இப்போது தொட்டியில் இருப்பது லாரித் தண்ணீர் என்பதால் ஒரேயடியாக மாற்றாமல் கால் பங்காகப் போவது மீனுக்கும் நல்லது. மொட்டைமாடி டேங்கிலிருந்து மத்தியானம் நேராகப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள், வெயில் காலத்தில் அது சுடுதண்ணீர். லாரித் தண்ணீரைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தால், திறந்த வாளியில் 24 மணி நேரம் காற்றுக் குமிழி விட்டு வையுங்கள். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி விடலாம்.

ஆர்.ஓ. தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டிடிஎஸ் என்ற எண்ணுக்கு நம் வீடுகளில் இல்லாத மரியாதை கிடைத்துவிட்டது. சர்வீஸுக்கு வருபவர் மீட்டரை முக்கி 900 என்று காட்டியதும் அந்தத் தண்ணீரே விஷம் என்று நினைக்கிறோம். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதைத்தான் அது சொல்லும், அமோனியாவையோ நைட்ரைட்டையோ குளோரினையோ அது காட்டாது. டிடிஎஸ் 50 காட்டும் தண்ணீரிலும் 10 மீனைக் கொல்லும் அளவு அமோனியா இருக்கலாம். கோல்டு ஃபிஷ் கடினத் தண்ணீரை நன்றாகவே தாங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைச் சமன்செய்வது தண்ணீரில் உள்ள கார்பனேட் வகை உப்புகள்தான். ஆர்.ஓ. இயந்திரம் அவற்றை எடுத்துவிடுகிறது. முழுக்க ஆர்.ஓ. ஊற்றினால் சில வாரத்தில் பி.ஹெச். சட்டென்று 6க்குக் கீழே சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். உங்கள் போர் தண்ணீரில் அந்த உப்புகள் தாராளமாக இருக்கின்றன, அந்த வகையில் அது வரம். இதே காரணத்துக்காக பி.ஹெச். குறைக்கும் திரவம் எதையும் வாங்க வேண்டாம். இன்று இறங்கும், நாளை பழையபடி ஏறும், நடுவில் மீன் அல்லாடும். 8.2 மாறாமல் நிற்பது, 7க்கும் 8க்கும் இடையில் ஊஞ்சலாடுவதைவிட எவ்வளவோ மேல்.

டிடிஎஸ் மீட்டருக்குப் பதில், அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். கொளத்தூர்க் கடைகளிலேயே கிடைக்கும். காகித ஸ்ட்ரிப்பைவிட இதன் நிறம் நம்பகமானது. இதுவரை செத்த மீன்களுக்கும் மருந்துக்கும் செலவழித்ததைக் கூட்டிப் பாருங்கள், கிட் அதிக விலையாகத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டில் எது லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினாலும் அன்றைக்கு ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கால் பங்கு மாற்றுங்கள். தினசரி தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அவை தண்ணீரில் மிதப்பவை அல்ல, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருப்பவை. இரண்டும் 0 காட்டி, ஒரு வாரம் தொடர்ந்து 0விலேயே நின்றால் தொட்டி தயார். அதன்பின் வாரம் ஒரு தரம் கால் பங்கு மாற்றினால் போதும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் மாதக்கணக்காக நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அவர்களுடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத்தான் இது. அவர்கள் தொட்டித் தண்ணீரிலேயே முக்கி, ஈரம் காயாமல் அன்றைக்கே கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வைத்துவிட வேண்டும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்பது உறுதியாக இருக்க வேண்டும். கடைகளில் புட்டியில் விற்கும் பாக்டீரியா திரவங்களில் சில வேலை செய்கின்றன, சில செய்வதில்லை. கடை வெயிலில் எத்தனை மாதம் அடுக்கில் நின்றது என்பதைப் பொறுத்தது. அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதையே நம்புவேன். இனி உங்கள் ஸ்பாஞ்சையும், தண்ணீர் ஓட்டம் குறையும்போது மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்து திரும்ப வைத்துவிடுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஃபில்டரை இரவிலும் நிறுத்தக் கூடாது. கரண்ட் பில்லுக்காக அணைத்துவைக்கும் வீடுகள் நிறைய. காற்றோட்டமில்லாமல் பல மணி நேரம் கிடந்தால் அந்தக் கூட்டம் மூச்சு முட்டிச் சாகும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. தொட்டி தயாரானாலும் 45 லிட்டர் கோல்டு ஃபிஷுக்குப் போதாது. கடையில் இரண்டு அங்குலத்தில் பார்ப்பது குஞ்சு. நன்றாக வளர்ந்தால் உருண்டை வகைகளே ஒரு சாணைத் தொடும், ஒற்றை வால் வகை இன்னும் நீளமாகும். கழிவும் மற்ற மீன்களைவிட அதிகம். இப்போதிருக்கும் இரண்டையும் சில மாதம் வைத்திருக்கலாம், பிறகு 3 அடி தொட்டிக்கு மாற வேண்டிவரும். அதற்கு இடமில்லையென்றால் அவற்றைப் பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனாகத் தேர்ந்தெடுங்கள். மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரில்தான் செழிக்கும், 8.2ஐப் பொருட்படுத்தாது, சென்னை வெப்பத்தையும் கோல்டு ஃபிஷைவிட நன்றாகத் தாங்கும். குட்டி போடும் மீன்கள் என்பதால் உங்கள் மகனுக்கு வேடிக்கைக்கும் குறைவிருக்காது. ஒரு தரம் மூன்று நான்கு, அவை நிலைத்து இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று நான்கு என்று சேருங்கள். வாங்கி வந்ததும் பாக்கெட்டை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிரித்து, கொஞ்சம் தொட்டித் தண்ணீர் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பாக்கெட் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள்.

உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். மீன் செத்தால் வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன, வீட்டுக்கு ராசியில்லை என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. இரண்டில் எதை நம்பினாலும் தண்ணீரைச் சோதிக்கத் தோன்றாமல் போய்விடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். அவரிடம் வாதாட வேண்டாம். அந்த நோட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் இறங்கி வருவதையும் மீன் சாவது நிற்பதையும் அவரே பார்க்கட்டும். கடைக்காரரையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். தொட்டியை மட்டும் விற்று 'ஒரு மாதம் கழித்து மீனுக்கு வாங்க' என்று சொன்னால், அந்தப் பிறந்தநாளில் நீங்கள் அடுத்த கடைக்குத்தான் போயிருப்பீர்கள்.

கடைசியாகச் சக்கர். பாசி தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்மையில் அது கழிக்கும் கழிவுதான் அதிகம், ஒரு அடிக்கு மேல் வளரவும் செய்யும், 2 அடி தொட்டியில் அதற்குத் திரும்பவே இடமிருக்காது. நீங்கள் வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுத்துவிடுங்கள். இரக்கப்பட்டு ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இப்படி விடப்பட்டே நம்மூர் நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. கொடுக்கும்வரை இரவில் ஒரு சின்ன வெள்ளரித் துண்டைக் கல்லில் கட்டிப் போடுங்கள், காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.